ஓரிரு இடங்களில்

நாலேகால்.
மூன்று செயலிகள், மூன்று வானங்கள்.
ஒன்றில் நிலா.
ஒன்றில் மேகத்துக்குக் கீழே இரண்டு சொட்டு.
மூன்றாவது, எந்த நாட்டுக்காரன் செய்ததோ,
பெரம்பூரைக் கடலுக்குள் வைத்திருக்கிறது:
அலை உயரம் ஒன்றரை மீட்டர்.

ஜமாலியாவிலிருந்து நஸீமா கேட்கிறாள்:
"என்ன சொல்லுது?"
எழுவாய் இல்லாத வாக்கியம்.
குறி கேட்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.
"நாற்பது சதவீதம்" என்று அனுப்பினேன்.
"முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்தானே நம்ம ஊர்ல."

ஜனவரியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
நவம்பரின் இந்தச் செவ்வாய்க்குப் பன்னிரண்டு.
அட்டவணை போட்டுக் கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர்.
அவருடைய தாளில் மழைக்குக் கட்டமே இல்லை.
பென்சிலால் நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

மழையாவது பரவாயில்லை.
மே மாதம் வேறு கணக்கு:
வெப்பம் இருபத்தொன்பது, உணர்வது முப்பத்தேழு.
காற்றில் ஈரம் எண்பத்தெட்டு.
போக்கிடம் இல்லாத வியர்வை
என்மேலேயே வாடகைக்கு இருக்கும்.
பகலில் கடற்காற்று வரும் என்பார்கள்.
அது அடையாற்றில் இறங்கி, பஸ் மாறி,
எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள்
சோறு வடித்து இறக்கியிருப்பேன்.

போன சனிக்கிழமை எண்பது சதவீதம்.
வரைபடம் முழுக்கச் சிவப்பு. பள்ளிகளுக்கு விடுமுறை.
அலாரத்தை அணைத்துவிட்டு விழித்தே கிடந்தேன்.
ஜன்னல் கம்பியில் ஒரு சொட்டில்லை.
ஏழு மணிக்கு மாவு பாக்கெட் வாங்கப் போனால்
நான் ஓடியிருக்க வேண்டிய சாலையில்
விடுமுறை விட்ட பிள்ளைகள்
ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்றிரவு டிவியில் சொன்னது எனக்குப் பிடித்த வாக்கியம்:
ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.
எவ்வளவு கவனமான தமிழ்.
பொய்யாகவே முடியாது அது.
எங்கேயாவது, யார் தலையிலாவது
மெய்யாகிவிடும்.

நாலு ஐம்பது. கிளம்பிவிட்டோம்.
பேப்பர் மில்ஸ் சாலையில் விளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிகிறது.
டீக்கடை பாய்லருக்கு இப்போதுதான் நெருப்பு.
மெட்ரோ தடுப்புத் தகரத்தை ஒட்டியே ஓடுகிறோம்,
பேச மூச்சிருக்கிறது, பேசவில்லை.

ஐந்தாவது கிலோமீட்டர்.
ரெட்டேரிப் பக்கம், தகரத்தின் மறுமுனையில்
யாரோ அரிசி கொட்டினார்கள்.
கொட்டிக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.
"வந்துட்டான்" என்றாள் நஸீமா.

ஓரிரு இடங்கள்.
ஓரிடம் அவள். இன்னோரிடம் நான்.

ஷட்டர் இறங்கிய மருந்துக்கடை ஓரத்தில்
பால் பாக்கெட் போடுகிறவரும் ஒரு நாயும்.
அவர் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.
நாய் நகரவில்லை.
நஸீமா நிற்கவில்லை, அதனால் நானும்.
முழுக்க நனைந்தபின்
காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை,
எண்பத்தெட்டு நூறாகியிருக்கிறது, அவ்வளவுதான்.
எது பள்ளம், எது வெறும் தண்ணீர் என்று தெரியாத சாலையில்
கால் பயந்து மெதுவாகியிருக்க வேண்டும்.
ஆறாவது கிலோமீட்டர், கடிகாரம் சொல்கிறது,
இந்த வருஷத்திலேயே வேகமானது.
கடிகாரமும் சும்மா சொல்லலாம்.

வீடு.
ஷூவுக்குள் திணிக்க ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்தேன்.
நான்காம் பக்கம் வலது காலுக்கு.
கசக்கப் போகையில் கண்ணில் பட்டது:
சென்னையில் செவ்வாய் வரை வறண்ட வானிலை.

நன்றாக உறிஞ்சுகிறது.

எட்டு மணி. வெளியே பளீரென்று வெயில்.
மழை, நூறு சதவீதம் என்கிறது போன்.
நஸீமா கேட்கிறாள்: "வியாழக்கிழமை என்ன சொல்லுது?"
இன்னும் பார்க்கவில்லை.
இடது ஷூ பாக்கியிருக்கிறது.