பால்பல்

ஐந்து மாதம். இருபத்தைந்து கிலோ.
தன் வாய் எத்தனை பெரிதென்று
அதற்கே இன்னும் தெரியாது.

தியோலிந்தாவின் கைகளில் எப்போதும்
ஆட்டுப்பால் கட்டியின் வாசம்;
விடுமா?
இந்த வாரம் கிழிந்தது இரண்டாவது சட்டைக்கை.

கை ஓங்கமாட்டாள்.
‘ஆ’ என்று ஒரு சொட்டு ஒலி,
பிறகு திரும்பி நின்று சுவராகிவிடுவாள்.
சுவரோடு யார் விளையாடுவது?
குட்டி உட்கார்ந்து யோசிக்கும்.
ஈரக் கயிற்றை நீட்டுவாள்: இந்தா, இதைக் கடி.

அடுப்பருகே அபீலியு சிரித்தான்:
“எனக்கும் இப்படித்தான் முதுகைக் காட்டினாய்.”
“உனக்குத்தான் புரியவேயில்லையே.”

எஷ்ட்ரெலா மலையில் பனி இறங்குகிறது.
பெருக்கும்போது கிடைத்த பால்பல்லை
உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

இரவு
அவள் மணிக்கட்டு முழுதும் அதன் வாய்க்குள்.
முட்டை திருடிய பையன்போல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வைத்திருந்தது.