ஒன்பதாவது டேக்

மின்விசிறியை நிறுத்தியதும்
மே மாதம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.
பகலெல்லாம் தின்ற வெயிலைச்
சத்துவாச்சாரி மலை
ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஏப்பம் விடும்.
ஜன்னலைச் சாத்தி, இரண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டு,
கவிழ்த்த குக்கரின் மேல்
செல்போனை நிற்க வைத்திருக்கிறோம்.
ஸ்டுடியோ என்றால் இதுதான்.

கஸ்பாவில் எடைக்கு வந்த கேசட்டில் கிடைத்த பாட்டு.
லேபிளில் மை கரைந்து பெயர் போயிருந்தது.
அமெரிக்காவில் ஏதோ ஊர்; லாரி ஓட்டுகிறவன்;
விடிய விடிய ஓட்டித் தன் தெருவுக்கு வருகிறான்.
வீட்டில் விளக்கு எரிகிறது.
இறங்கவில்லை.
வண்டியைத் திருப்புகிறான்.
அவ்வளவுதான் கதை. மூன்றே கார்டு.
நாலாவது வாங்க அவனிடம் காசில்லை போல.

மேல்விஷாரத்திலிருந்து இலியாஸ் பைக்கில் வருவான்,
ஷூ கம்பெனியின் தோல் வாசனை விரலில் இருக்கும்.
வழுக்கிக்கொண்டே அழுமே, அந்தக் கிடார்,
அது எங்களிடம் இல்லை.
சமையல்கட்டில் துழாவி
ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து வந்து
கம்பிமேல் சாய்த்து இழுத்தான்.
தம்ளரில் வெட்டியிருந்தது:
'அன்பளிப்பு, கோ. தனகோட்டி, பேர்ணாம்பட்டு.'
யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.
என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்.
அழுதது அவருடைய தம்ளர்தான்.

முதல் டேக், பக்கத்து வீட்டுப் பருப்பு மூன்று விசிலில் போனது.
மூன்றாவதில் நான் 'ர'வை உருட்டிவிட்டேன்.
அவர்கள் அதை நாக்கில் படாமல் விழுங்குகிறார்கள்.
எனக்குப் படாமல் முடியவில்லை,
அம்மா பெயரே ராஜேஸ்வரி.
ஐந்தாவதில், நம்பினால் நம்புங்கள்,
அவன் வண்டியைத் திருப்பும் அதே வரியில்
பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி
ஏர்ஹாரனை நீட்டி அடித்தது.
இலியாஸ் சிரித்துத் தொலைத்தான்.
ஆறும் ஏழும் எதனால் போயின, நினைவில்லை.
எட்டாவதில் கதவு.
வசுந்தரா மேடம், வீட்டுக்காரம்மா,
கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார், கையில் பேனா.
"நாளைக்கு ஜமாபந்தி. மண்ட வெடிக்குது.
ஒரே பாட்ட எத்தன வாட்டிப்பா?"

ஒன்பதாவது, மெல்ல.
தொண்டை தானாகத் தணிந்து
தன் இடம் கண்டு உட்கார்ந்திருந்தது.
தெரு தெரிந்தது. விளக்கு தெரிந்தது.
அப்போது கீழேயிருந்து ஒரு குரல்:
"தண்ணி வுட்டாங்கோ!"

பதினோரு நாள் கழித்து வருகிற தண்ணீர்.
கிடாரை எங்கே போட்டேன், தெரியாது.
அமெரிக்காக்காரனை நடுரோட்டில் விட்டுவிட்டு
இரண்டு இரண்டு படியாய் இறங்கினோம்.

செல்போன் மட்டும் வேலையை விடவில்லை.
ஐம்பத்திரண்டு நிமிடம்.
நள்ளிரவு, மொட்டை மாடியில்,
ஆளுக்கொரு காதில் இயர்போன்:
குடம் நங்கென்று இடிக்கிறது, யாரோ யாரையோ திட்டுகிறார்கள்,
டிரம் நிறைய நிறைய அதன் சுருதி ஏறுகிறது.
பத்தொன்பதாவது நிமிடம்
திறந்து கிடந்த எங்கள் கதவைத் தாண்டி
டேங்க் பார்க்க மாடிக்கு ஏறும் செருப்புச் சத்தம்.
கூடவே ஒரு முணுமுணுப்பு.
வார்த்தை கிடையாது. ம்ம், ம்ம் மட்டும்.
எங்கள் பாட்டு. இரண்டாவது அடி.

எட்டு முறையும் நாங்கள் அவசரமாய்க் கடந்த இடத்தில்,
அந்த விளக்கைப் பார்க்கிற இடத்தில்,
மேடம் நின்றார்.
ஒரு மூச்சளவு.
நிறைந்துவிட்டதா என்று
தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம்.
பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

இலியாஸ் இயர்போனைக் கழற்றவில்லை.
"இன்னொரு தபா போடு" என்றான்.

ஒன்றாம் தேதி வாடகை கொண்டுபோனேன்.
"பாட்டு முடிஞ்சுதா?"
"இல்ல மேடம்."
ரூபாய் நோட்டுகளை எச்சில் தொட்டு
இரண்டாம் முறை எண்ணினார்.
"ஜமாபந்தி முடிஞ்சிடுச்சி" என்றார்.