கண் விழுந்த வில்

வில்லின் மேற்பாதியில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி
இருக்கிறது அந்தக் கண்.
சட்டைப் பொத்தான் அளவு, அதைவிடக் கறுப்பு.
அதைச் சுற்றி நேற்றிரவு மூன்று வெடிப்புகள்.
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
மயிர் மாதிரித் தெரிகிறது.
நேரே பிடித்தால் ஒன்றுமில்லை.

கோண்டாவில் ஒழுங்கையில்
கம்பியில் முட்டுகிறதென்று
மின்சாரசபைக்காரர் தறித்துப் போட்ட பூவரசு.
சைக்கிள் கரியரில் கட்டி இழுத்து வருகையில்
தவறணை வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்,
"உது என்னத்துக்குப் பிள்ளை, மண்வெட்டிப் பிடிக்கோ?"
ஓம் என்றேன்.
நாற்பத்தொரு வயதில்
வில் செய்யப் போகிறேன் என்று
சந்தியில் நின்று சொல்ல முடியுமா?

மரமில்லில் யோகேந்திரம் கீறித் தர மறுத்துவிட்டார்.
"உங்கட பக்கத்து மரத்துக்குள்ள இரும்பு கிடக்கும்.
போன மாதமும் ஒரு வேம்பு.
வாளில பதினேழு பல்லுப் போச்சு."
ஆகவே கத்தி. பிறகு சீவுளி.
பிறகு போத்தல் ஓடு.
நாலு ஞாயிறு, பூசை முடிந்து வந்து வந்து.

இரும்பு என்று அவர் சொன்னது
மனதில் கிடந்திருக்க வேண்டும்.
வெடிப்பைக் கண்டதும் முதலில்
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த
மடுமாதா காந்தத்தைக் கழற்றி வந்து
கண்ணின் மேல் வைத்தேன்.
வழுக்கி விழுந்தது.
திரும்ப வைத்தேன்.
மாதா முகங்குப்புற விழுந்தார்.

இரும்பு இல்லை.
அது ஏன் எனக்குக்
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது?

ஒரு கொப்பு இருந்திருக்கிறது. பட்டிருக்கிறது.
மரம் அதை மூடிக்கொண்டு பருத்திருக்கிறது.
அவ்வளவுதான்,
யாரும் ஒன்றும் செய்யவில்லை.

பிழை என்னுடையது.
வடிவாக இருக்கட்டும் என்று
கண்ணையும் மட்டமாகச் சீவிவிட்டேன்.
நார் அங்கே விலகி ஓடுகிறது,
வாய்க்கால் தண்ணீர் ஒரு கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி.
நான் அதை நேராக அறுத்திருக்கிறேன்.
மேடாகவே விட்டிருக்க வேண்டும்,
பார்க்க அசிங்கமாக, தடித்து.

ஊசியால் தட்டினால் கண் ஆடியது,
விழப்போகும் பல்லைப் போல.
துறப்பணத்தால் தோண்டி எடுத்தேன்.
அதே பூவரசின் தூளைத் தேயிலை வடியில் அரித்துப்
பசையில் குழைத்துக் குழியை அடைத்தேன்.
வெடிப்புகளுக்குத் தண்ணிப் பசை, துளித்துளியாக.
மரம் அதைக் குடிப்பதைக் கண்ணால் காணலாம்.
வில்லைச் சற்றே வளைத்தால் வாய் திறந்து
இன்னும் ஒரு துளி கேட்கும்.

அந்த நேரம் பார்த்துப் பாண் வண்டி
பாட்டுப் போட்டபடி வந்தது.
பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிப்போன கையோடு
படலையடியில் போய் நின்றேன்.
காசை நீங்களே எடுங்கோ என்றேன்.
பெடியன் சிரிக்கவில்லை.
"மண்ணெண்ணெய் பூசுங்கோ அக்கா,
இல்லாட்டி பொறுங்கோ, தானாக் கழரும்" என்றான்.

பொறுத்தேன்.
அதன்பிறகு நூல்.
குருநகர் றெஜினோல்ட் தந்த வலைநூல்,
மீன் வாடை போகாதது.
சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று, இடைவெளி விடாமல்.
மரியதாஸ் தேத்தண்ணியோடு வந்து பார்த்தார்.
"இது தாங்குமோ?"
தெரியாது.
"தாங்காட்டி?"
முகத்தில அடிக்கும்.
அவர் கோப்பையை வைத்துவிட்டு
தன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை எடுத்துவந்து
என் தலையில் மாட்டினார்.

இரண்டு நாள் காயவிட்டு
நாண் ஏற்றினேன்.
கால்வாசி இழுத்துத் தளர்த்தி,
கால்வாசி இழுத்துத் தளர்த்தி, முப்பது தடவை.
அரைவாசியில் 'நொக்' என்றது.
உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது.
குசினிக் கதவுக் கொளுக்கி.

முழு இழுவை.
எதிரே தும்பு அடைத்த அரிசிச் சாக்கு
வாழையில் சாய்ந்து நின்றது.
நான் சாக்கைப் பார்க்கவில்லை.
நூல் சுற்றிய அந்த ஒரு சாணைத்தான்
கவசக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விரல் தானாக விட்டது.

வெடிப்பு வளரவில்லை.
திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.
அம்பு எங்கே போனதென்று
யோசிக்கவே தோன்றவில்லை,

வேலிக்கு அப்பால் பவளராணியின் குரல் வரும் வரைக்கும்:
"டெல்பின்!
உங்கட ஏதோ ஒண்டு
எங்கட மாட்டுக் கொட்டிலுக்க குத்திக்கொண்டு நிக்குது!"