எண் பொருத்தம்

டேட்டன் நகருக்கு வடக்கே சந்தைத் திடல்.
ஏப்ரல் ஈரம் புல்லில் இன்னும் காயவில்லை.
ஒரு காந்தம், ஒரு டார்ச்,
பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் குச்சி வைத்த கண்ணாடி.
இவ்வளவுதான் என் தொழில்.
காந்தம் நழுவும் இடத்தில்
தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கும்.
வண்டிக்காரர் மறந்திருப்பார்.
மறந்ததாகச் சொல்வார்.

முதல் வண்டி ஹார்லன் ப்ரூயிட்டுடையது.
எழுபதாம் வருடத்துச் சிவப்பு செவெல்.
மல்லாந்து படுத்து எண்களைப் படித்தேன்:
சேசிஸும் இஞ்சினும்
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.
பெட்ரோல் டேங்கின் முதுகில்
ஆலைக்காரன் செருகிய தாள்கூட
எலி தொடாமல் கிடந்தது, ஜாதகம் மாதிரி.
ஐம்பது வருடத்தில் பதினோராயிரம் மைல்.
மழையே பார்க்காத வண்டி.
"பெண்டாட்டியைக்கூட ஏற்றினதில்லை" என்றார்.
பெருமையாகத்தான் சொன்னார்.
ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் என்று
கை நடுங்காமல் எழுதினேன்.

அடுத்தது அதே வருடம், அதே சிவப்பு,
கொஞ்சம் வெயில் தின்றது.
வெர்னா யாப்லோன்ஸ்கி ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு
"ம், ஆரம்பியுங்கள்" என்றார்.

இஞ்சின் இதனுடன் பிறந்ததில்லை.
பழசு எண்பத்தாறில், சாண்டஸ்கி போகும் வழியில்,
பனியில் வெடித்ததாம்.
கழி இருபதாயிரம்.
நாலு கியர் பெட்டியைப் பிடுங்கி
ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறது.
கழி பன்னிரண்டாயிரம்.
கிளட்ச் பெடல் இருந்த இடத்தில்
சமையல் டப்பாவின் மூடியை வெட்டி ஒட்டியிருக்கிறது.
கழி, சரி, அதை விட்டுவிட்டேன்.
டேஷ்போர்டில் மூன்று துளைகள்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
கையால் இழுக்கும் பிரேக்குக்கு இரண்டு,
ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சுவிட்சுக்கு ஒன்று.
அந்தக் காலத்து வண்டிகளில் அந்தச் சுவிட்ச்
தரையில் இருக்கும், இடது காலுக்குப் பக்கத்தில்.

"எந்தக் கசாப்புக்காரன் செய்த வேலை?"
கேட்டது நான்தான்.
முப்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொள்கிறது.

"நான்தான்" என்றார்.
"எழுபத்தெட்டில். அண்ணனின் டிரில்லை வாங்கி.
ஸ்டாம்பிங் பிரஸ் என் இடது காலை
முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டது.
வண்டியை விடச் சொன்னார்கள்.
அதுவும் போய்விட்டால்
எதில் ஏறிப் போய் வழக்குப் போடுவது?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.
அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

ஒரு இளைஞன் வந்தான், கோரி ஸ்டான்சில்.
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், விரலால் கூரையைத் தடவியபடி.
துளைகளை வெல்ட் வைத்து அடைத்து,
கியர் பெட்டி தேடிப் பிடித்து,
ஆலையிலிருந்து இறங்கிய நாள் மாதிரி
ஆக்கிவிடலாம் என்றான்.
பழைய பெடல் இருக்கிறதா என்றும் கேட்டான்.
"இருக்கிறது. நிலவறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பி:
"துளைக்கு என்ன கழித்தீர்கள்?"
"ஒன்றுக்கு ஆயிரத்து ஐநூறு."
உதடு அசையக் கணக்குப் போட்டார்.
"மூன்றுக்கு நாலாயிரத்து ஐநூறு. பரவாயில்லையே.
காலுக்கென்று ஆலை முதலில் நீட்டியது
இதைவிடக் கொஞ்சம்தான் கூட."
சிரித்தார். கோரி சிரிக்கலாமா என்று
என் முகத்தைப் பார்த்தான்.

ஐம்பத்தெட்டாயிரம் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.
நாலாய் மடித்துக் கையுறைப் பெட்டியில் போட்டார்.
அங்கே அதற்கு முன்பே
மூன்று மதிப்பீட்டுத் தாள்கள் கிடந்தன.
எல்லாம் வேறு வேறு வருடம்.

பொழுது சாய்ந்தது.
ஹார்லனின் வண்டியில் பெட்ரோலை வடித்து வைத்திருந்தார்கள்.
நாலு பேர், கையில் வெள்ளை உறையோடு,
தள்ளி டிரெய்லரில் ஏற்றினார்கள்.
"மெதுவா, மெதுவா" என்று
அவர் பின்னாலேயே ஓடினார்.

வெர்னாவின் வண்டி முதல் திருப்பலிலேயே உறுமியது.
ஊன்றுகோல் பின்சீட்டில்.
திடலின் வாசலில் நின்று
இரண்டு பக்கமும் பார்த்து நெடுஞ்சாலையில் ஏறினார்.
தூரத்தில், எதிரே ஒரு சோள லாரி.
அவருடைய விளக்குகள் சட்டென்று தாழ்ந்தன.
லாரி கடந்ததும்
மறுபடி உயர்ந்தன.