விகுதி

கவென்ட்ரி காவல் நிலையத்தின் மூன்றாம் அறையில்
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
கான்ஸ்டபிள் வாட்கின்ஸ் இரண்டே விரலால் தட்டச்சு செய்தார்.
மணிக்கு இருபத்திரண்டு பவுண்டுக்கு
நான் மொழிபெயர்த்தேன்.

நாமக்கல் பக்கத்துச் சௌந்தரி
கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுச் சொன்னாள்:
‘அவரு என்னை அடிக்கிறாரு.’

ஆங்கிலத்தில் சொன்னேன்.
வாட்கின்ஸ் எழுதினார், வாசித்தும் காட்டினார்.
என் கணவர். ஹிட். என்னை.

ஹிட் ஒரு விசித்திரமான வினைச்சொல்.
நேற்றைக்கும் அதே சட்டை, இன்றைக்கும் அதே சட்டை.
நான் ஹிட், நீ ஹிட், அவர்கள் ஹிட்.
அவனோ அவளோ அதுவோ
எழுவாயில் வந்து உட்கார்ந்தால்தான்
வாலில் ஓர் எஸ் முளைக்கும்.
அந்த எஸ் விழுந்துவிட்டால்
என்றோ ஒரு நாள், ஒரே ஒரு தடவை,
முடிந்துபோன விஷயம்.

‘ஆபீசர், கடைசியில் ஓர் எஸ் வேண்டும்.’
‘எழுத்துப் பிழையா?’
‘இல்லை. பதினொரு வருஷம்.
முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறாள்.’

கர்சரைப் பின்னுக்கு நகர்த்தினார்.
ஒரே தட்டு.
ஹிட்டின் பின்னால் ஒரு சின்னக் கொக்கி
வந்து மாட்டிக்கொண்டது.
தினமுமா என்று கேட்கச் சொன்னார்.
‘ஞாயித்துக்கிழமை இல்ல.
அன்னைக்கு அவரோட அம்மா வீடியோவுல வருவாங்க.’

சௌந்தரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
‘என்ன எழுத்துக்கா அது, பாம்பாட்டம்?’

மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி.
சொன்னேன்.
அவர் செய்தால், எப்போதும் செய்தால், இது வரும்.
பஸ் வந்தாலும் பால் பொங்கினாலும் இதே எஸ்தான்.

‘மரியாதைக்குன்னு தனியா ஒண்ணும் இல்லியா?’
‘இல்லை.’
‘பஸ்ஸுக்கும் அவருக்கும் ஒண்ணுதானா?’
‘ஒன்றுதான்.’

காகிதக் கோப்பையின் விளிம்பை
நகத்தால் கிள்ளிக் கிள்ளி மேசையில் போட்டாள்.
நான் மணி பார்த்தேன்.
பிறகு யாரும் கேட்காமலே
முதல் வாக்கியத்தை மறுபடி எடுத்தாள்,
பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல்,
கடைசி எழுத்தில் நாக்கை ஊன்றி:
‘அவன் என்னை அடிக்கிறான்.’

வாட்கின்ஸ் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
புதிதாக ஏதாவது?

ஆர் போய்விட்டது. ஆன் வந்துவிட்டது.
தாலி கட்டிய நாள் முதல்
அவள் வாயில் ஒருமுறைகூட வராத னகர மெய்.
அந்த விசைப்பலகையில்
தேடிப் பார்த்தேன்,
உண்மையாகவே, வரிசை வரிசையாக.

‘இல்லை’ என்றேன். ‘அதே வாக்கியம்தான்.’

அவர் தலையாட்டிவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனார், முகவரி, அஞ்சல் குறியீடு.
மேசைக்கு அடியில் சௌந்தரி
ஈரமான ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுக்
காலை நீட்டிக்கொண்டாள்.