ஹென்னி

பீனிக்ஸில் இன்று ஏழு மணிக்கு மின்வெட்டு.
ஆறேகாலுக்கே கீசர் தண்ணீரைப் பிடித்துவிட்டேன்.
பந்தின் இடுப்புக்குச் சரியாக இருந்தது
பிரியாணி தேக்சா ஒன்றுதான்.

"இனிமேல் இதில் சமைப்பியா நீ?"
என்றார் பாலசேகரன்.
"நீங்க கிரீஸ் கை கழுவுற சிங்க்கில்தானே
கீரை அலசுறேன்" என்றேன்.

மூன்று துளைக்கும் டேப்.
நாலு சொட்டுப் பாத்திரச் சோப்பு.
முழங்கையை விட்டுப் பார்த்தேன்,
பிள்ளை குளிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே.
கொதித்தால் வெடிக்கும். ஆறினால் கசியாது.

அடகுக் கடையில் முந்நூறு ரேண்ட்.
நீலத்துக்குள் கறுப்பு சுழன்ற மேனி.
துளைக்கு மேலே செதுக்கிய பெயர்: ஹென்னி.
யாரோ. கட்டை விரல் தடித்தவன்.
இரவல் செருப்பில் கால் மாதிரி
என் விரல் அதற்குள் ஆடும்.

இருபது நிமிடம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தோலெங்கும் பொடிப்பொடியாய் வியர்வை,
தண்ணீர்மேல் ஒரு வானவில் படலம்.
எத்தனை ஊர்ப் பாதையைக் குடித்ததோ.
நாங்கள் நுழையக் கூடாதென்று
பலகை தொங்கிய காலத்து எண்ணெயும் இதிலே...
இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பந்துக்கு அத்தனை வயதில்லை.

சொன்னபடி ஏழுக்கு விளக்கு போயிற்று.
இருட்டில் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.
பதினான்கு பவுண்டு, வெதுவெதுப்பாய்.
துடைத்தேன். மறுபடி ஊறிற்று.
துணியைத் திருப்பிப் பிடித்தேன். மறுபடி.

போன் வெளிச்சத்தில்
இரண்டாயிரம் நம்பர் மணல்தாள், வட்டமாய், அழுத்தாமல்.
பளபளப்பு மங்கினால்தான் பாதையைப் பிடிக்கும்.
முகம் பார்க்கவா வாங்கினேன்?

மெழுகை உருக்கிப் பெயரை அடைத்துவிடு என்கிறாள்
எங்கள் அணி மோகனாம்பாள்.
நானோ பல்குத்தியால்
ஒவ்வொரு எழுத்தின் அழுக்கையும் எடுத்துக்கொண்டிருந்தேன்,
ஏன் என்று தெரியாமல்.

செவ்வாய் இரவு, லீக்.
கவுண்டரில் புதுப் பையன்
பந்தைப் பார்த்தான், பதிவுத் தாளைப் பார்த்தான்.
"யாரம்மா ஹென்னி?"
"நான்தான்" என்றேன்.
திரையில் அப்படியே ஏற்றிவிட்டான்.
மோகனாம்பாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கடைசி ஆட்டத்தில் மூலைப் பின் ஒன்று
ஆடியது, யோசித்தது, நின்றுவிட்டது.
பந்து உருண்டு திரும்பி வந்தது,
மேலே புது எண்ணெய்
வளையல் வளையலாய்.

பையில் துணியைத் தேடினேன்.