பெஸாராவின் குழல்விளக்கு

வால்வு சூடேற ஐந்து நிமிடம்.
அதற்குள் பல் துலக்கிவிடலாம்.

மடகாஸ்கர் வந்து ஏழு மாதம்.
சம்பளம் இல்லை; அரிசி உண்டு, கொசுவலை உண்டு,
ஜெபக்கூடத்தில் கடைசி பெஞ்சு உண்டு.
நுருசுவா வாசிக்கும் வேதத்தில்
எனக்குப் புரிவது ஆமென் மட்டும்.
மற்றதெல்லாம் மீட்டரில் முள்ளின் ஆட்டம்.
அவள் குரல் கோட்டைத் தாண்டினால்
கொஞ்சம் குறைப்பேன்.
என் ஊழியம் அவ்வளவுதான்.

நேற்றிரவு ஊட்டுக்கம்பியில் ஒரு பல்லி.
நீலப்பொறி பறந்தது.
அந்தப் பொறியே சங்கீதத்தில் ஒன்றரை வரி
உரக்கச் சொல்லிவிட்டுக் கருகியது.
பிறகு நிலையம் ஊமை.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு வெளியே மாட்டுக்கார பெஸாரா.
ரேடியோ இல்லாத மனிதர்.
எங்கள் குப்பையில் பொறுக்கிய குழல்விளக்கொன்றை
ஆண்டெனாவுக்கடியில் மண்ணில் நட்டிருக்கிறார்.
வயர் இல்லை, சுவிட்ச் இல்லை.
நாங்கள் பிரசங்கித்தால் எரியும்,
குரல் ஏறி இறங்க வெளிச்சமும் ஏறி இறங்கும்.
போன மாதம்தான் இயக்குநர்
அதைப் பிடுங்கச் சொல்லியிருந்தார்.
மறந்துபோனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கக் கண்ணோடு நுருசுவா மொழிபெயர்த்தாள்:
"பசு முக்குகிறதாம். கால் முதலில் வருகிறதாம்.
எதையாவது பேசச் சொல்கிறார்."

பேச ஆளில்லை. ஒலிபரப்பு நேரமும் முடிந்துவிட்டது.
வெறும் அலையை மட்டும் ஏற்றினேன்,
ஒரு சொல்லும் இல்லாமல்.
தூரத்தில் புல்லுக்கு நடுவே
நடுங்காத வெள்ளைக் கோடு.
அதன்கீழ் முழங்கைவரை நனைந்த ஒரு கை.

பதிவேட்டில் எழுதினேன்:
சோதனை, நாற்பது நிமிடம். நிகழ்ச்சி இல்லை.
கிடேரி என்று எழுத
அதில் கட்டம் இல்லை.